ரொட்டி அடுப்பில் அறுபத்து நான்கு மோட்டார்

வெள்ளம் வருவதற்குப் பதினோரு நாள் முன்புதான் காயில்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தது மகளுக்கு. மாதக் கடைசியில் கடையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, மனைவியோடு நகரத்துக்கு வந்து மகள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. காரணம் நெஞ்சு. நாற்பது வருடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டி, கரண்ட் கசியாமலிருக்க வார்னிஷில் முக்கி, அந்த ஆவியையே மூச்சாக இழுத்தவர். மாடிப்படியில் ஆறு ஏறினால் ஏழாவதில் நின்று, யாரையோ தேடுவதுபோலச் சுற்றிப் பார்ப்பார். தேடியது மூச்சை.

"இன்னும் ஒரு வருஷம் அந்தக் கடைல உட்கார்ந்தீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். காயில்காரர் அதை வீட்டில் சொல்லவில்லை. டாக்டரே மகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.

பிறகு ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. கடைத்தெருவில் மார்பளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்தபோது எல்லாவற்றின் மேலும் விரல் தடிமனுக்குச் சேறு. ஆட்கள் தப்பினார்கள். வீடுகள் பெரும்பாலும் நின்றன. மோட்டார்கள்தான் செத்தன.

ஒரு ஊர் எதனால் சுற்றுகிறது என்று அதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தண்ணீர் ஏற்றும் பம்பு, மாவு மில், தச்சுப் பட்டறையின் ரம்பம், ஐஸ் கடை, சலவைக் கடை, பல் டாக்டரின் நாற்காலி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மோட்டார் இருந்தது, வயிறு நிறையச் சேற்றுத் தண்ணீரோடு. காயில் கட்டத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான். அடுத்த ஊர்க்காரரின் கடை இன்னும் தண்ணீருக்குள் இருந்தது.

கடை எட்டடிக்குப் பத்தடி. முதல் நாள் ஏழு மோட்டார் வந்தது. மூன்றாம் நாள் முப்பது. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இடம் பார்த்து வைக்கவில்லை. வாசலில் இறக்கிவிட்டு, கம்பியில் பெயர்ச் சீட்டைக் கட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது வாசல் இடுப்பு உயரத்துக்கு அடைபட்டிருந்தது. எதிலும் ஏறித் தாண்ட அவரால் முடியாது. தெருவில் போகிற யாராவது நகர்த்தினால்தான் வெளியே வரலாம்.

"அண்ணே, உள்ள இருக்கீங்களா?" மில்லுக்கார அக்காவின் குரல். கணவர் போனபின் மாவு மில்லைத் தனியாக நடத்துபவள். ஊரில் எல்லாருக்கும் அக்கா, இவருக்கு மட்டும் தங்கை.

"உள்ளதாம்மா இருக்கேன். வெளிய வரத்தான் வழியில்ல. அந்தப் பம்பைக் கொஞ்சம் நகர்த்து, புண்ணியமாப் போகும்."

"நகர்த்தறேன். என் மோட்டார் எப்ப கிடைக்கும், அதை முதல்ல சொல்லுங்க."

"இதென்ன, வழிப்பறியா?"

"இல்லண்ணே. சிறை வச்சிருக்கோம். ஊர் மொத்தமும் சேர்ந்து."

அன்று மாலை மகள் போன் செய்தாள். நகரத்தில் மின்மாற்றிகள் செய்யும் ஆலையில் சோதனைப் பிரிவில் வேலை. பேச்சும் சோதனைத்தாள் மாதிரிதான் இருக்கும்.

"தேதி சொல்லுங்கப்பா."

"ரெண்டு வாரம் தள்ளிக்கலாம்."

"எத்தனை மோட்டார்?"

"நாப்பதுக்குள்ளதான்."

"வார்னிஷ்?"

"பாதிக்கு மேல சும்மா கழுவிக் காய வச்சாப் போதும்" என்றார். அது உண்மை. சேற்றைக் கழுவி, உள்ளே இருக்கும் ஈரத்தை முழுக்க வெளியேற்றினால் பல மோட்டார் பிழைத்துவிடும். ஒரு துளி ஈரம் மிஞ்சினாலும் கரண்ட் கொடுத்த நிமிஷம் புகைந்துவிடும். எட்டு மணி நேரம், கொதிநீரைவிடக் கொஞ்சம் கூடுதலான சூடு, ஏறாமல் இறங்காமல். வேண்டியது அவ்வளவுதான். அவ்வளவுதான் அவரிடம் இல்லை. உலர்த்தும் பெட்டி வெள்ளத்தில் போயிருந்தது. கரண்ட் வரவில்லை. வானம் மூடியே கிடந்தது.

ஊரில் தண்ணீர் ஏறாத சூடு ஒன்றே ஒன்று. ரொட்டிக்காரரின் செங்கல் அடுப்பு. உயரமான மேடையில், விறகில் எரிவது, ஆள் படுத்து உருளலாம் போல அகலம். ரொட்டிக்காரரும் இவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அப்போது வந்த 'டா' இன்னும் போகவில்லை.

"ரொட்டி, உன் அடுப்பு வேணும்டா."

"எதுக்கு? குளிருதா?"

"மோட்டார் வைக்கணும்."

"எத்தனை நிமிஷத்துல வேகும்?"

"எட்டு மணி நேரம்."

"மேல வெண்ணெய் தடவணுமா?" ரொட்டிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அடுப்பின் கதவைத் திறந்துவிட்டார். "எடுத்துக்கோ. லாரி லாரியா இலவச ரொட்டி வந்து இறங்குது. இப்ப நான் சுட்டா நானேதான் தின்னணும். என் பிசையற மோட்டாரைக் கடைசியாப் பாரு. அடுப்பு உன்கிட்ட இருக்கறப்ப மாவைப் பிசைஞ்சு நான் எங்க போறது?"

அளவுக்கருவி ஏதும் இல்லாமலே சூட்டைப் பிடித்தார்கள். காலையில் விறகு எரித்து, தணலை வாரிவிட்டு, ரொட்டிக்காரர் உள்ளே ஒரு பிடி மாவு தூவுவார். மாவு கருகினால் காத்திருக்க வேண்டும். நிறம் மாறாமல் இருந்து, தெளித்த தண்ணீர் மட்டும் சீறினால் மோட்டாரை ஏற்றலாம். முதல் மூன்று வாரத்தில் நாற்பது மோட்டார் அப்படிப் பிழைத்தது. மூன்றாம் வாரக் கடைசியில் கரண்ட் வந்ததும் பம்பு ஓடியது. ரம்பம் அலறியது. மில் ஓடியது.

நாற்பதோடு முடியவில்லை. கரண்ட் திரும்பிய அன்று, பொறுமை இல்லாதவர்கள் ஈர மோட்டாரிலேயே சுவிட்சைப் போட்டார்கள். எரிந்துபோன இருபத்து நான்கு மோட்டார் வந்து சேர்ந்தது. இவற்றுக்குப் புதுக் காயில் கட்டி, வார்னிஷில் முக்கி, அதன்பின் சூட்டில் வைக்க வேண்டும்.

"கொஞ்சம் வார்னிஷ் இருக்கும்டா. சொட்டுறதைத் தட்டு வச்சுப் பிடிச்சுக்கறேன்" என்றார்.

"நீ சொன்னா சரி" என்றார் ரொட்டிக்காரர்.

சொட்டியதைத் தட்டு பிடித்தது. ஆவியைப் பிடிக்கத் தட்டு இல்லை.

நாலாவது வாரத்தில் ஒருநாள் அவர் சமையலறையில் உட்கார்ந்து சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கொல்லையிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பாத்திரம் அடியோடு கருகியிருந்தது.

"பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கீங்க? மூக்கை யார்கிட்ட கழட்டிக் கொடுத்தீங்க?"

"ஏதோ யோசனை" என்றார்.

மறுநாள் கடையில் தின்னர் டப்பாவின் மூடியைத் திறந்து முகத்தருகே கொண்டுபோனார். தண்ணீரை முகர்ந்ததுபோல இருந்தது. இன்னொரு தடவை இழுத்தார். தண்ணீர்தான். மூடியைத் திருகி, டப்பாவின் விளிம்பைத் துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரிந்தால் மகளுக்குத் தெரியும். மகளுக்குத் தெரிந்தால் மறுநாள் காலை வேன் வாசலில் நிற்கும். இன்னும் இருபத்திரண்டு மோட்டார் பாக்கி. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெயர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். அவருக்கு இரண்டு காலுமே சேற்றில்.

ஒன்பதாவது வாரம் கடைசி மோட்டாரும் போனது. மொத்தம் அறுபத்து நான்கு. அதே வாரம் நிவாரண லாரிகள் நின்றன. கடைத்தெரு ஓட ஆரம்பித்துவிட்டது, இனி ஊர் தன் காலில் நிற்கும் என்று மேலே யாரோ எழுதியிருந்தார்களாம். நியாயம்தான். ஓட வைத்தவர் இவர்தான்.

ரொட்டிக்காரர் அடுப்பைக் கழுவித் துடைத்து, சின்னதாக ஒரு தீ மூட்டினார். முகத்தைச் சுளித்தார்.

"காயிலு, லேசா ஏதோ வருதேடா?"

காயில்காரர் தலையை அடுப்புக்குள் விட்டு நீளமாக மூச்சு இழுத்தார். "புகைடா அது. ஒண்ணுமில்ல."

"நிச்சயமாத்தானே?"

"நாப்பது வருஷமா வார்னிஷோட குடித்தனம் பண்றேன். எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை இருநூற்று நாற்பது ரொட்டி. அடுப்பு முழுச் சூட்டுக்கு ஏறியபோதுதான் செங்கல் குடித்ததையெல்லாம் கக்கியது. ரொட்டிக்காரருக்கு மணம் தட்டாமல் இல்லை. ஆறினால் போய்விடும் என்று நினைத்தார். வாசலில் வரிசை நின்றது. காயில்காரர் சொன்னதும் காதில் நின்றது. விற்றார்.

பத்து நிமிஷத்தில் தெரு முழுவதும் துப்பியது.

"இதைத் தின்னவா, கதவுக்குப் பூசவா?" என்றான் ஒருவன்.

"தின்னுடா. இனிமே உனக்கு ஷாக்கே அடிக்காது. உள்ளுக்குள்ளயே இன்சுலேஷன் ஆயிடும்" என்றான் இன்னொருவன்.

எல்லாரும் சிரித்தார்கள். ரொட்டிக்காரர் மட்டும் ஷட்டரை இழுத்துவிட்டார்.

காயில்காரர் சோடா போட்டு அடுப்பைத் தேய்த்தார். இரண்டு நாள், முழங்காலில் நின்று, மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்தி. மறுபடி சுட்டார்கள். அதே கதைதான். அதன்பின் ரொட்டிக்காரர் பேச்சை நிறுத்தினார்.

மூக்கு போனாலும் காயில்காரருக்குக் காது இருந்தது. கடைக்குள் உட்கார்ந்தபடியே தெருவின் ஒவ்வொரு மோட்டாரையும் தனித்தனியாகக் கேட்பார். காலையில் தொடங்கும் மில் சத்தம் மதியத்துக்கு முன்பே நிற்பதை மூன்றாம் நாள் கவனித்தார். மில் அரைத்த மாவில் பாதி ரொட்டிக்கடைக்குத்தான் போகும். வாங்க ஆள் இல்லை. வேலையாட்கள் இரண்டு பேரில் ஒருவரை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். விறகு வண்டி இந்தப் பக்கம் வருவதை நிறுத்தியது. காலையில் ரொட்டி வாங்க வந்த கூட்டம்தான் பக்கத்தில் காய்கறி வாங்கும், தையல் கடையில் துணி கொடுக்கும். அந்தக் கூட்டம் இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது. அவர் உயிர் கொடுத்த மோட்டார்கள் ஒவ்வொன்றாக, பழுதே இல்லாமல், சும்மா இருந்தன.

ரொட்டிக்கடை மூடிய பதினோராம் நாள் மகள் வேனோடு வந்தாள்.

"அம்மா எல்லாத்தையும் கட்டிட்டாங்க. வாங்கப்பா."

அவர் ஸ்டூலை விட்டு எழவில்லை.

"எத்தனை மோட்டார் பாக்கி?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் என்ன?"

"அடுப்பு" என்றார்.

அவள் விஷயத்தை முழுக்கக் கேட்டாள். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டாள். "சூடு ஏத்தறதுக்கு முன்னாடியே ரொட்டி மாமாவுக்கு மணம் வந்திருக்கு. உங்களுக்கு எப்படி வரல?"

அவர் சுவரைப் பார்த்தார். மகள் அலமாரியிலிருந்து தின்னர் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அவர் மூக்குக்குக் கீழே பிடித்தாள். அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் முகம் அசையவில்லை.

"எப்பலேர்ந்து?"

"நாலாவது வாரம்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உயிரோட விடுவானா?"

அவள் டப்பாவை மூடினாள். வெகுநேரம் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "போய்ச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நான் அடுப்பைப் பத்தி யோசிப்பேன். இல்லேன்னா இப்பவே வேன்ல ஏறணும்."

இரண்டு பக்கமும் கதவு. எதைத் திறந்தாலும் மாட்டிக்கொள்வார்.

ரொட்டிக்காரர் அணைந்த அடுப்பின் மேடையில் உட்கார்ந்திருந்தார். காயில்காரர் எதிரே போய் நின்றார். மகள் வாசலில் நின்றாள்.

"ரொட்டி. எனக்கு மோப்பம் போயிடுச்சுடா. ரெண்டு மாசம் ஆகப்போகுது."

ரொட்டிக்காரர் நிமிர்ந்தார். "அன்னிக்குத் தலையை உள்ள விட்டு இழுத்தியே. என்னத்தை இழுத்த?"

"காத்தை."

"நான் உன்னையாடா கேட்டேன்? உன் மூக்கைக் கேட்டேன். அது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என் மூக்கை நம்பியிருப்பேன்ல?"

"வேனைத் திருப்பி அனுப்பும்மா" என்றார் ரொட்டிக்காரர், மகளைப் பார்த்து. "அடுப்பு சரியாகற வரைக்கும் உன் அப்பனை நான் எங்கயும் விடமாட்டேன். இங்கயே கிடக்கட்டும்."

இந்த வார்த்தைக்குத்தான் காயில்காரர் பயந்துகொண்டிருந்தார். வந்தபின் அவ்வளவு மோசமாக இல்லை. தான் சொல்ல வேண்டியதை மகள் எதிரில் வேறொருவன் சொல்லிவிட்டது ஒரு சௌகரியமாகக்கூட இருந்தது.

மகள் விடுப்பை நீட்டினாள். ஆலையிலிருந்து வெப்பம் அளக்கும் கம்பியை வரவழைத்தாள். அவள் கணக்கு இது: வார்னிஷ் செங்கல்லுக்குள் போயிருக்கிறது, தேய்த்தால் வராது, எரித்தால்தான் போகும். ஆனால் அடியில் மேடை குடித்த வெள்ளத்து ஈரம் இன்னும் இருக்கிறது. ஒரேயடியாகச் சூடேற்றினால் அடுப்பின் கூரை வெடித்துவிடும். முதல் நாள் சின்னத் தீ. இரண்டாம் நாள் நடுத்தரம். மூன்றாம் நாள் முழுத் தீ, கூரையில் படிந்த கரி தானே எரிந்து வெள்ளையாகும்வரை.

"நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம். நாற்காலில. புகை இருக்கற இடத்துக்கு ஒரு அடி வரக்கூடாது" என்றாள்.

இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் விசாரித்தார்கள். "என்னண்ணே, ஜாமீன் கிடைக்கலையா?" என்று மில்லுக்கார அக்கா கேட்டாள்.

மூன்றாம் நாள் மகள் கருவிக்குப் பேட்டரி வாங்கப் போன நேரம். அடுப்புக்குள் ஒரு மூலையில் தீ சேரவில்லை, கரி கறுப்பாகவே நின்றது. தணலை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். ரொட்டிக்காரர் ஒருவர், வாய் அகலமான அடுப்பு. காயில்காரர் ரோட்டைத் தாண்டினார். இருபது நிமிஷம் அடுப்பின் வாயில் நின்று நீளக் கம்பியால் தணலைத் தள்ளினார். மகள் திரும்பியபோது கூரை முழுவதும் வெள்ளையாக இருந்தது. அவர் நாற்காலியில் இருந்தார், இருமிக்கொண்டு. மாலைவரை இருமினார்.

அந்த இருபது நிமிஷத்தை அவள் பிற்பாடு பலமுறை கணக்கில் சேர்த்துப் பார்த்தாள். நாற்பது வருடத்தில் அது எவ்வளவு என்று டாக்டர் வகுத்துக் காட்டினார். அவளுக்கும் வகுக்கத் தெரியும்.

அடுப்பின் சூடு இறங்கியதும் சோதனை. அடுப்பின் தரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மாவு உருண்டை சுட்டார்கள். முகர்ந்தது மூன்று பேர்: காயில்காரரின் மனைவி, மில்லுக்கார அக்கா, ரொட்டிக்காரர். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று மகள் தனித்தனிச் சீட்டில் எழுத வைத்தாள். மூன்று சீட்டிலும் மணம் வந்த கட்டம் ஏழும் எட்டும். பின்பக்கம், இடது மூலை.

"அங்கதான் பெரிய பம்பை வச்சோம். தட்டு ஓட்டை" என்றார் காயில்காரர்.

அந்த மூலையில் எட்டுச் செங்கல்லைப் பெயர்த்துப் புதிது பதித்தார்கள். மறுபடி ஒருநாள் தீ. மறுபடி ஒன்பது உருண்டை. மூன்று சீட்டும் வெறுமையாக வந்தன.

அடுத்த காலை முதல் ஈடு வெளியே வந்தபோது வரிசை நின்றது, ஆனால் யாரும் கை நீட்டவில்லை. யார் முதலில் கடிப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காயில்காரரின் மனைவி முன்னால் வந்து, ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார், மீட்டரின் முள்ளைப் பார்ப்பதுபோல. அவள் மென்றாள். விழுங்கினாள். இன்னொரு துண்டு பிட்டாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எட்டு மணிக்குள் ரொட்டி தீர்ந்தது. ரொட்டிக்காரர் வெளியே வந்து, "டேய் காயிலு, விடுதலைடா உனக்கு" என்று கத்தினார்.

"நாளைக் காலைல வேன்" என்றாள் மகள்.

அன்று மில் மாலைவரை ஓடியது. வெள்ளத்துக்குப் பிறகு முதல்தடவையாக முழு நாள் ஓட்டம். நாலு மணிக்குக் காயில்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் சரியில்ல. அவசரத்துல காய வச்சது. முழுப் பாரம் ஏறினா தாங்காது. புதுசாக் காயில் கட்டணும்."

"மூக்கோட காதும் போயிருக்கக் கூடாதாப்பா?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "ரெண்டு நாள் வேலைதாம்மா."

அவள் விடுப்பு முடிந்திருந்தது. தனியாகக் கிளம்புமுன், பழைய இரும்பு அலமாரியில் பல்புகள் பொருத்தி ஓர் உலர்த்தும் பெட்டி செய்துகொடுத்தாள். ஆவியை வெளியே தள்ள ஒரு மின்விசிறியும் வைத்தாள். அப்பாவைப் போகவிடாத வேலைக்குத் தானே கருவி செய்துகொடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ரெண்டு நாள் வேலை முடிந்தது. அதற்குள் ஐஸ் கடை மோட்டார் வந்தது. பிறகு தச்சுப் பட்டறை. ரொட்டிக்கடை திறந்ததால் எல்லாமே நாள் முழுக்க ஓடின. அவசரத்தில் காய வைத்தவையெல்லாம் வரிசையாக வந்தன. "அடுத்த வாரம் வந்துடறேன்" என்று ஐந்து வாரம் போனில் சொன்னார். ஆறாவது வாரம், ஒரு முற்பகல், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து இறந்துபோனார். மடியில் பாதி சுற்றிய காயில். வாசலில் அப்போதும் மூன்று மோட்டார் இருந்ததால், அவற்றை நகர்த்திவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது.

ரொட்டிக்காரர் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஓடி வந்தார். கையில் மாவு. காயில்காரர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.

காயில்காரரின் மனைவி அவரைப் பார்த்தாள். "அடுப்புல என்ன இருக்கு?"

"ரெண்டாம் ஈடு. அது கிடக்கட்டும் தங்கச்சி. இன்னிக்குக் கடை இல்ல. தெருவுல எவனும் திறக்க மாட்டான்."

"போய் எடுங்க."

"நான் எப்படி இன்னிக்கு..."

"அண்ணே, இதுக்காகவா அந்த மனுஷன் இங்க கிடந்தார்னு இருக்கு எனக்கு. எழுந்திருங்க. எடுத்து வித்துட்டு வாங்க. நீங்க மூடினா மில்லு மூடும். மில்லு மூடினா எல்லாம் மூடும். திறந்து வைங்க."

அவர் எழுந்தார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, தெருவில் நடந்துபோய், ஷட்டரை மேலே தள்ளினார். ரொட்டியை வெளியே இழுத்தபோது ஒரு பக்கம் கறுத்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.